கடைசி வாக்கியம் மட்டும்

ரெய்னோ மாக்கியின் கட்டுரையில் முதல் பத்தி வாரத்துக்கு வாரம் அழகாகிக்கொண்டே போனது. இரண்டாம் பக்கம் மட்டும் வரவேயில்லை. ஏன் என்று மாரெனுக்குப் பிடிபடவில்லை.

சோம்பேறி என்று தள்ளிவிடவும் முடியாது. ஒவ்வொரு செவ்வாயும் அவளுக்கு முன்பே வந்து, வனவியல் வகுப்பின் சேறு அப்பிய பூட்ஸைக் கதவோரம் கழற்றிவிட்டு, காலுறையோடு மேசையில் காத்திருப்பான். கையில் புதிதாக அச்செடுத்த தாள்கள் இருக்கும். முதல் பத்தி மெருகேறியிருக்கும். அதன் கீழே இரண்டாம் பத்தி பாதியில் நிற்கும். அதற்கும் கீழே வெள்ளைத் தாள்தான்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடக்கே, ஏரிக்கரை ஊர் ஒன்றின் இரண்டாண்டுக் கல்லூரி அது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் மூன்று மேசைகள் போட்டு, 'எழுத்து உதவி மையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். நன்றாக எழுதத் தெரிந்த மாணவர்கள் எழுதத் திணறும் மாணவர்களுக்கு அரைமணி நேரம் துணை இருக்க வேண்டும். மாரெனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு வாக்கியத்தைப் பிரித்து, எந்தச் சொல் எதைத் தாங்குகிறது என்று பார்ப்பது அவளுக்குக் கடிகாரத்தைத் திறந்து பார்ப்பது போல.

மையத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. வந்தவர் தன் கட்டுரையைத் தானே முதலிலிருந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண் தாண்டிப் போகிற நொண்டி வாக்கியத்தில் நாக்கு தடுக்கும் என்பதுதான் காரணம். இரண்டாவது, உதவுகிறவர் பென்சிலைத் தொடக்கூடாது. தொட்டால் கட்டுரை அவருடையதாகிவிடும். கேள்வி மட்டும் கேட்கலாம்.

மாரென் ஒருநாளும் பென்சிலைத் தொட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. மூன்றே கேள்விகள்தான் கேட்பாள். "இதைச் செஞ்சது யாரு? இந்த வார்த்தை இல்லாட்டி என்ன குறையும்? இதைவிடத் தெளிவா சொல்ல முடியுமா?" அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் ரெய்னோ தன் முதல் பத்தியைச் செதுக்கினான். மையத்தின் பொறுப்பாளர் டெல்ஃபின் அதைப் படித்துவிட்டு, ஒரு பிரதி எடுத்துச் சுவர்ப்பலகையில் குத்தி வைத்தார். 'நம் மாணவர் எழுதியது' என்று மேலே ஒரு துண்டுச் சீட்டு. அன்று மாரென் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு முறை தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஆனால் கேட்டிருந்தது எட்டுப் பக்க அறிக்கை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ரெய்னோ இந்தப் பாடத்தை எடுப்பது இரண்டாம் முறை. இதிலும் தோற்றால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால், கோடையில் மாவட்ட வனக்குழுவில் அவனுக்கென்று பேசி வைத்திருந்த வேலையும் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாரெனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த வாரமும் ஒரு பக்கம்தானா?"

"ஒன்னேகால்," என்றான் ரெய்னோ. "கணக்குல ஏமாத்தாத."

"விளையாட்டு இல்ல ரெய்னோ. நீ உட்கார்ந்து எழுதுறியா, இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். எங்க அம்மா வந்து, நாற்காலியோட சேர்த்து ஒட்டிக்கிட்டியாடான்னு கேட்டாங்க."

"முழு நாள் உட்கார்ந்தா இதுதான் வருமா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். தாளைப் பார்த்தான். "எனக்கு இதுதான் வருது."

"உண்மையைச் சொல்லு. போனைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்ப."

ரெய்னோவின் காதுமடல் சிவந்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு, கயிற்றைக்கூடக் கட்டாமல் போய்விட்டான். மாரென் அவன் நாற்காலியை உள்ளே தள்ளினாள். கண்டிப்பு நல்லதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மதியம், உணவுக்கூடத்தில் காட்டரிசி சூப்பும் ரொட்டியும் தட்டில் ஏந்தி இடம் தேடிக்கொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னால் இருந்த சிறு மேசையிலிருந்து ரெய்னோவின் குரல் கேட்டது. யாரோடோ பேசுகிறான் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். எதிரே யாரும் இல்லை. மடிக்கணினி மட்டும் திறந்திருந்தது. போன் மேசையோரத்தில் குப்புறக் கிடந்தது.

அவன் இரண்டாம் பத்தியில் அரை வாக்கியம் அடித்தான். நிறுத்தினான். "யாரு செஞ்சது?" என்று முணுமுணுத்தான். ஒரு சொல்லை அழித்தான். "இது இல்லாட்டி என்ன குறையும்? ... ஒன்னும் குறையாது." முழு அரை வாக்கியத்தையும் அழித்தான். திரையை மேலே தள்ளி, கட்டுரையின் முதல் வரிக்குப் போய் அங்கிருந்து வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தான், செவ்வாய்க்கிழமைகளில் வாசிப்பது போலவே. நடுவில் ஒரு காற்புள்ளியை எடுத்தான். கொஞ்சம் யோசித்துத் திரும்ப வைத்தான். கீழே வந்தான். அரை வாக்கியம் அடித்தான். "இதைவிடத் தெளிவா சொல்ல முடியுமா?" அழித்தான். மறுபடி மேலே போனான்.

அந்தக் கேள்விகளை அவன் கேட்ட விதம்கூட அவளுடையதுதான். 'தெளிவா' என்பதில் அவள் கொடுக்கும் சிறு இழுவையும் அப்படியே இருந்தது. தன் குரல் இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு மாரென் தூணுக்குப் பின்னால் நின்றாள். சூப் ஆறிப் போனது. அவனைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. தட்டை அப்படியே திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையோரம் குவிந்திருந்தது. அந்தக் குளிரில் நடந்தபடியே அவள் விஷயத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிரித்துப் பார்க்கத்தான் அவளுக்குத் தெரியும்.

எழுதுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, இல்லாததை உண்டாக்குவது. இன்னொன்று, உண்டானதைச் சோதிப்பது. இரண்டையும் ஒரே தலைதான் செய்தாக வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. மாவு பிசையும்போதே ரொட்டி வெந்துவிட்டதா என்று யாரும் குத்திப் பார்ப்பதில்லை. அவள் கேள்விகள் மூன்றும் நல்ல கேள்விகள்தான், முடிந்த வாக்கியத்துக்கு. பிறக்காத வாக்கியத்திடம் அவற்றைக் கேட்டால் அது பயந்து பின்வாங்கிவிடும்.

இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு வாரமும் வாசிப்பு முதலிலிருந்தே தொடங்குகிறது. அரைமணி நேரமும் முதல் பக்கத்திலேயே தீர்ந்துபோகிறது. பேச்சு, பாராட்டு, கவனம் எல்லாம் முதல் பத்திக்குத்தான். அது கொழுத்தது. மற்றது பட்டினி கிடந்தது. அவன் வீட்டிலும் அதையே செய்தான். ஞாயிறு முழுக்க அவன் உட்கார்ந்தது பொய்யில்லை. அந்த நாள் முழுக்க அவனோடு அவளும் உட்கார்ந்து, அவன் அடித்த ஒவ்வொரு சொல்லையும் மறித்துக்கொண்டிருந்தாள்.

போன பருவத்தில் மையத்துக்கு உதவி கேட்டு வந்த கோரின் அவள் நினைவுக்கு வந்தாள். அவளுடைய கட்டுரையின் முதல் பக்கமும் அழகாகத்தான் இருந்தது. பாதிப் பருவத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். 'ஆர்வம் இல்லை' என்று மாரென் அப்போது முடிவு கட்டியிருந்தாள்.

மையத்துக்குத் திரும்பி வந்து, சுவர்ப்பலகையிலிருந்த ரெய்னோவின் பத்தியைக் கழற்றினாள்.

"அதை ஏம்மா எடுக்கிற?" என்றார் டெல்ஃபின், மேசைக்குப் பின்னாலிருந்து. "நம்ம மையத்துலயே நல்ல பாரா அதுதான்."

"அது ஒன்னுதாங்க இருக்கு. மிச்சம் ஏழு பக்கம் இல்ல. நான்தான் வரவிடாம பண்ணிட்டேன்."

"நீ பென்சிலைத் தொட்டியா?"

"இல்லைங்க."

"அவனுக்குப் பதிலா நீ எழுதிக் கொடுத்தியா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்ன? நம்ம வழக்கம் எதையும் நீ மீறலையே."

"மீறலைங்க," என்றாள் மாரென். "ஒன்னையும் மீறாமலே செஞ்சிருக்கேன்."

டெல்ஃபின் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப என்கிட்ட ஏன் நின்னுக்கிட்டு இருக்க?"

வியாழக்கிழமை அவனுக்குச் செய்தி அனுப்பி வரச் சொன்னாள். வந்தான். பூட்ஸைக் கழற்றவில்லை. நின்றபடியே, "திட்டுறதுன்னா சீக்கிரம் திட்டு, எனக்கு மர அளவை வகுப்பு இருக்கு," என்றான்.

மாரென் சுற்றி வளைக்கவில்லை. உணவுக்கூடத்தில் பார்த்ததைச் சொன்னாள். "நேத்து உன்னை ஒட்டுக்கேட்டேன். தப்புதான். அதைவிடப் பெரிய தப்பு ஒன்னு இருக்கு. நீ எழுதாம இருந்ததுக்குக் காரணம் நான். போனைப் பார்த்தேன்னு சொன்னேன் பாரு, அதுக்கும் மன்னிச்சுக்கோ."

அவன் தோளில் மாட்டியிருந்த பையை இறக்கித் தரையில் வைத்தான்.

"நாலு வாரமா," என்றான் மெதுவாக, "எனக்கு மூளையில ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். மத்தவன் எல்லாம் எழுதுறான், எனக்கு மட்டும் ரெண்டாவது பாரா வரமாட்டேங்குது. மருத்துவர்கிட்ட போலாமான்னுகூட யோசிச்சேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?" குரல் உயர்ந்தது. அடுத்த மேசையில் இருந்தவள் திரும்பினாள். "எதிர்ல உட்கார்ந்து தலையாட்டினது நீதானே? 'பிரமாதம் ரெய்னோ, பிரமாதம்'னு?"

ரெய்னோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி. இப்ப என்ன பண்ணணும்? அடுத்த வெள்ளிக்கிழமை வந்துரும்."

"முதல்ல எனக்கு ஒன்னு சொல்லு. எழுத வேணாம், வாயால சொல்லு. ரெண்டாவது பக்கத்துல என்ன இருக்கு?"

அறிக்கை ஒரு காட்டுச் சாலையைப் பற்றியது. அதன் முதல் பத்தி மட்டுமே அவளுக்கு மனப்பாடம். சாலையை மரம் ஏற்றும் வண்டிகளுக்காக எப்போது போட்டார்கள், யார் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. மற்றதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"சாலைக்கு அடியில ஓடைத் தண்ணி போறதுக்கு ஒரு பெரிய குழாய் இருக்கு," என்று ஆரம்பித்தான் ரெய்னோ. "வருஷா வருஷம் பீவர் வந்து, பல்லால மரத்தைக் கொறிச்சு எடுத்த குச்சியும் சேறும் வெச்சு அணை கட்டி அதை அடைச்சிரும். தண்ணி சாலை மேல ஏறிரும். ஆளுங்க போய்க் குத்தி எடுப்பாங்க. மறுநாள் காலையில பார்த்தா மறுபடியும் அடைச்சிருக்கும். ஏன் சொல்லு?"

"ஏன்?"

"சத்தம்! தண்ணி சலசலன்னு ஓடுற சத்தம் கேட்டா பீவருக்குப் பொறுக்காது. எங்கயோ ஒழுகுதுன்னு நினைச்சுக்கும், ஓடிவந்து அடைக்கும். ஆளுங்க குத்தி விடுறாங்க பாரு, அந்தச் சத்தமே அதைக் கூப்பிடுறது. அதனால எங்க வனவியல் ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா, நீளமா ஒரு குழாயை எடுத்து, அணைக்குள்ளயே விட்டு, அதோட வாயைத் தள்ளி ஆழத் தண்ணிக்குள்ள கம்பிக் கூண்டு போட்டு வெச்சிருவாங்க. தண்ணி சத்தமே இல்லாம போயிரும். பீவர் பாட்டுக்கு அணையில இருக்கும். சாலை காய்ஞ்சு கிடக்கும்."

கைகளால் மேசைமேல் குழாய் போட்டு, கூண்டு வைத்து, முன்பல் துருத்திய பீவரின் முகத்தையும் செய்து காட்டினான். மாரென் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வாரமாக இதுதான் வெளியே வர முடியாமல் கிடந்தது.

ரெய்னோ சட்டென்று நிறுத்தினான். அவளை உற்றுப் பார்த்தான். "ஏய், இரு. நான் எழுதுற சத்தம் கேட்டா நீ ஓடிவந்து அடைக்கிற. அப்ப இந்தக் கதையில பீவர் நீதான்."

"ஆமா," என்றாள் மாரென்.

"பல்லுகூடப் பொருந்துது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரிப்பதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள்.

"இப்ப சொன்னதை இப்படியே போய் அடி," என்றாள். "திரும்பிப் பார்க்காத. கடைசி வரைக்கும் போ."

அது வேலை செய்யவில்லை. மறுநாள் மதியம் வந்தபோது அவன் கையில் ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியில் இரண்டு சொற்கள் மாறியிருந்தன.

"பார்க்கக்கூடாதுன்னுதான் நினைச்சேன்," என்றான் பரிதாபமாக. "ஆனா கோப்பைத் திறந்ததும் அதுதானே முதல்ல வந்து நிக்குது. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. பார்த்துட்டுப் பேசாம எப்படிப் போறது?"

மாரென் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். மன உறுதியைக் கேட்டது தப்பு. பழக்கத்தை மன உறுதியோடு மோதவிட்டால் பழக்கம்தான் ஜெயிக்கும். பார்க்கக்கூடாது என்றால், பார்க்க அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது.

"இதுவரைக்கும் எழுதினதை எனக்கு அனுப்பு," என்றாள். "அனுப்பிட்டு உன் கணினியில இருந்து அழிச்சிரு."

"என்னது?"

"கடைசி வாக்கியத்தை மட்டும் வெச்சுக்கோ. புதுக் கோப்பு திற. மேல அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் டைப் அடி. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எழுது. நாளைக்கு எழுதினதையும் அனுப்பிட்டு அழிச்சிரு. மறுபடியும் கடைசி வாக்கியம் மட்டும்."

ரெய்னோ மடிக்கணினியை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டான். "மொத்தத்தையும் உன்கிட்ட கொடுக்கணுமா? உன்கிட்டயா?"

அந்தக் கேள்வி நியாயமானதுதான். "கொடுத்தா நான் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்," என்றாள். "என்னை நம்ப வேணாம்னா டெல்ஃபின்கிட்ட அனுப்பு."

அவன் மடிக்கணினியைத் திரும்பத் திறந்தான். பிறகு அனுப்பினான், அவளுக்கே. அழிக்கும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை இரண்டு பக்கம் வந்தது. ஞாயிறன்று இன்னும் கொஞ்சம். மாரென் அவற்றைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை அவன் நேரில் வந்தபோதும் முதலிலிருந்து வாசிக்கச் சொல்லவில்லை. அவன் கடைசி வாக்கியத்தை மட்டும் வாசித்தான்: 'பழைய குழாயை மாற்றி இன்னும் பெரிய குழாய் போட்டாங்க ஆனா பெரிசுன்னா இன்னும் ஈசியா அது அடைக்குது சத்தம் அதிகம்.'

அந்த வாக்கியத்தில் மூன்று நொண்டிகள் இருந்தன. மூன்றும் அவள் கண்ணில் முள்ளாகக் குத்தின. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன, வலிக்குதா?" என்றான் ரெய்னோ, கொஞ்சம் சந்தோஷமாகவே.

"வலிக்குது. விடு. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

அவள் கேட்க அனுமதி இருந்த ஒரே கேள்வி அதுதான். அவன் சொன்னான். சொல்லிக்கொண்டே அடித்தான். அரைமணி முடிந்தபோது அரைப் பக்கம் கூடியிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அறிக்கையின் கடைசிப் புள்ளி விழுந்தது. ஒன்பது பக்கம், ஒன்று கூடுதல்.

அதன் பிறகுதான் அவன் அனுப்பிய துண்டுகளையெல்லாம் அவள் சேர்த்து அச்செடுத்தாள். வியாழக்கிழமை இருவரும் முதன்முறையாக முழுவதையும் முதலிலிருந்து வாசித்தார்கள். பழைய மூன்று கேள்விகள் இப்போது வெளியே வந்தன. முடிந்த வாக்கியங்கள் அவற்றுக்குப் பயப்படவில்லை. நொண்டிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

வாசித்து முடித்ததும் இருவருமே முதல் பக்கத்துக்குத் திரும்பினார்கள். மாரென்தான் முதலில் கண்டுகொண்டாள். அறிக்கை பீவரைப் பற்றியும் தண்ணீரின் சத்தத்தைப் பற்றியும் ஓடியது. சாலை யார் போட்டது என்ற அந்த அழகான பத்தி அதில் எங்குமே ஒட்டவில்லை.

"இது வேணாம் இல்ல?" என்றான் ரெய்னோ.

"வேணாம்."

"நாலு வாரம் அதுக்குப் பவுடர் பூசியிருக்கேன். எங்க வீட்டு நாய்க்குக்கூட அவ்வளவு செஞ்சதில்ல." சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நாலு வாரம் மாரென்."

"தெரியும்."

அவன் பேனாவை எடுத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தான். சாலைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு பீவர் தலை தூக்குகிற வாக்கியம், ஆறாம் பக்கத்தில் புதைந்து கிடந்தது. அதைத் தூக்கி முதலில் வைத்தான். வெள்ளிக்கிழமை காலை அறிக்கையைக் கொடுத்துவிட்டு, 'கொடுத்துட்டேன், பீவரம்மா' என்று செய்தி அனுப்பினான். அடுத்த வாரம் தேர்ச்சி என்று வந்தது. வனக்குழுவில் ஜூன் முதல் வாரம் சேர வேண்டும் என்றும் சொன்னான்.

மாரெனுக்கு நிம்மதி வந்தது, முழுதாக அல்ல. அன்றே கோரினுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். உன் கட்டுரை நின்றது உன்னால் அல்ல என்று எழுதி, எப்படி நின்றது என்பதையும் விளக்கினாள். பதில் வரவில்லை. வராமலே போகலாம். அதை அவள் சுமந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

ரெய்னோவின் பத்தியைக் கழற்றிய இடத்தில் சுவர்ப்பலகை வெறுமையாக இருந்தது. டெல்ஃபினிடம் கேட்டுவிட்டு, மாரென் அங்கே ஒரு தாளைக் குத்தினாள். அதில் அவள் எழுதியது இவ்வளவுதான்:

'முடிவு வரும்வரை திருத்தாதே. ஒவ்வொரு நாளும் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதுத் தாளில் தொடங்கு. இங்கே வந்தால் அந்த வாக்கியத்திலிருந்து வாசி. அதற்குப் பிறகு என்ன என்று மட்டும் கேட்போம். கடைசிப் புள்ளி விழுந்த பிறகு முதலிலிருந்து வாசித்துத் திருத்து. முதல் பத்தியைக் கடைசியாகத் தொடு.'